46 வயதில் நீச்சல்: ஆர்க்கிமிடீஸ் பாடம் நடத்தியவள் தண்ணீரை நம்பக் கற்றது

ஆற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறேன். போன வாரம்தான் முதல் முறையாக 25 மீட்டர் குளத்தை நடுவில் காலை ஊன்றாமல் கடந்தேன். அன்றைக்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன், கை ஓடவில்லை. நாற்பது தாண்டிய பிறகு புதிதாக எதையாவது தொடங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டிலிருந்து தாமிரபரணிப் படித்துறைக்கு ஐந்து நிமிட நடை. அப்படி ஆற்றங்கரையில் வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணன்மார் இரண்டு பேரும் ஆறு வயதிலேயே முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரே கோடை விடுமுறையில் குடுக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நான் படியில் உட்கார்ந்து அவர்கள் துண்டையும் சட்டையையும் பார்த்துக்கொள்வேன். வயதுக்கு வந்த பிறகு ஆற்றில் குளிப்பதும் நின்றுபோனது. யாரும் அடித்துத் தடுக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

போன வருஷம் அப்பா தவறினார். அஸ்தி கரைக்க அதே படித்துறைக்குப் போனோம். அண்ணன்மார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கலசத்தைக் கவிழ்த்து, முங்கி எழுந்தார்கள். நான் கடைசிப் படியில் அவர்கள் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தபோது ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம், நான் வேலை பார்க்கும் ஊரில் உள்ள நீச்சல் குளத்தில், காலை பெண்கள் நேரத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இயற்பியல் ஆசிரியை. 21 வருஷமாக மிதப்பு விசை நடத்துகிறேன். ஒரு பொருள் எவ்வளவு நீரை இடம்பெயர்க்கிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலான மனித உடல்கள் தண்ணீரில் மிதக்கும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! ஆனால் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "பின்னால சாய்ஞ்சு காலைத் தூக்குங்க டீச்சர், தண்ணி தாங்கும்" என்று கோச் சொன்னபோது என் உடம்பு நம்பவே இல்லை. மூன்று வாரம் நம்பவில்லை. குளத்து ஓரக் கம்பியைப் பிடித்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. என் கோச்சுக்கு வயது 23, என் பழைய மாணவிகளின் வயது.

ஒருநாள் அந்தப் பெண் கேட்டாள்: "நான் சொல்றது புரியுதா டீச்சர்?" "புரியுதும்மா, ஆனா வரல" என்றேன். சொன்ன கணமே வாய் அடைத்துப்போயிற்று. இதே வார்த்தையை என்னிடம் எத்தனை பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்! "புரிஞ்சா ஏன் வரல? வீட்டுல போட்டுப் பார்க்கல, அதான்" என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், திசையன் கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுமாறுவாள். ஒருநாள் எல்லார் முன்னாலும் "இதுகூட வராதா?" என்று கேட்டேன். அவள் அதற்குப் பிறகு வருஷம் முடியும் வரை சந்தேகம் கேட்கவே இல்லை. நான் அதை முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீச்சல் கற்கப் போனவளுக்கு இதுதான் முதலில் கிடைத்தது. உங்களில் யாருக்காவது இப்படி, ஒன்றைத் தேடிப்போய் உங்களைப் பற்றியே வேறொன்று தெரிந்திருக்கிறதா?

மூன்றாவது முயற்சி:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு 52 வயது. இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் விட்டவன். முதல் முறை 38 வயதில். அந்தக் குளத்தின் பெயர் வேண்டாம். சேர்ந்த நான்காவது நாள், "பயம் தெளியட்டும்" என்று சொல்லிப் பயிற்சியாளர் என்னை ஆழமான பக்கத்தில் தள்ளிவிட்டார். கம்பு நீட்டித் தூக்கிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏழு வருஷம் குளத்துப் பக்கமே போகவில்லை. இரண்டாவது முறை, பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் தவளைக்குஞ்சு மாதிரி நீந்திப்போக, நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பது எப்படி வந்தது? எனக்கு அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

ஆற்றங்கரை:

அண்ணா, எனக்கும் அங்கேதான் நின்றது. வந்தது குளத்தில் அல்ல, வீட்டில். பழைய பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது. அதில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் வாயை மட்டும் முக்கி "ம்ம்ம்" என்று முனகினேன். முனகினால் மூக்கு வழியாகக் காற்று தானாக வெளியே போகும், தண்ணீர் உள்ளே வராது. இதைச் சொல்லிக்கொடுத்தது அந்த 23 வயதுப் பெண்தான். மறுநாள் மூக்கு. அதற்கு அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு முழு முகம். பத்து நாள் ஆனது. அண்டாவுக்குள் நான் முனகுவதைக் கேட்டு என் மகன் பூஜை என்று நினைத்துக் கதவைத் தட்டாமலே போயிருக்கிறான்.

குளத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் முறை கண்ணைத் திறந்தபோது, அடியில் நீல ஓடுகளும், அவற்றின் மேல் வலை வலையாக நெளியும் வெளிச்சமும் தெரிந்தன. மேலே இருந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான், 25 மீட்டர் கடந்த நாள்கூட அதற்கு அப்புறம்தான்.

ஓய்வுபெற்ற கோச்:

இருவருக்கும் வணக்கம். முப்பது வருஷம் குளத்தோரத்தில் நின்றவன் நான். முதலில் தம்பிக்கு: உங்களைத் தள்ளிவிட்டது பயிற்சியே அல்ல. எங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். அப்படித் தள்ளப்பட்டுப் பயந்தவர்களை மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவர எனக்கு மூன்று மடங்கு நேரம் ஆகியிருக்கிறது.

மூச்சைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதிப் பயம் போகும். தண்ணீருக்குள் சில விநாடியிலேயே மூச்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதல்ல. உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர, "மூச்சு எடு" என்று மூளை கூவுகிறது. புதிதாக வருபவர்கள் பயத்தில் வாய் நிறையக் காற்றை அடைத்து, விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு தலையைத் தூக்கும் அரை நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது. தண்ணீருக்குள்ளேயே சிறுகச் சிறுக விட்டுக்கொண்டு வந்தால், மேலே வரும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

அடுத்தது கால் மூழ்குவது. காற்று இருப்பது மார்பில். கால் கனம். உடம்பு ஒரு ஏற்றமரம் மாதிரி, இந்தப் பக்கம் தலையைத் தூக்கினால் அந்தப் பக்கம் கால் இறங்கும். பயந்தவன் தலையைத்தான் முதலில் தூக்குவான். அதனால் மூழ்குவான், மூழ்குவதால் இன்னும் தூக்குவான். பின்னந்தலை தண்ணீரைத் தொடும்படி விட்டுவிட்டால் இடுப்பு தானாக மேலே வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வந்த பிறகு, வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று போட்டி போடாதீர்கள். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு முன்கூட்டியே குறைந்துவிடும், மூளையின் கூவல் வராது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரர்களே இதில் போயிருக்கிறார்கள்.

தினக்கணக்கு:

டீச்சர், வாழ்த்துகள். ஆனால் எட்டு மாதத்தில் 25 மீட்டர் என்பது மெதுவாக இல்லையா? தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஓட்டப் பயிற்சி செய்பவன், 41 வயதில் தொடங்கி மூன்று வருஷத்தில் 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான் முடித்தேன். ஒவ்வொரு வாரமும் எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதி, அடுத்த வாரத்துக்கு அதைவிடச் சற்றுக் கூட்டி இலக்கு வைத்ததால்தான் முடிந்தது. எண் இல்லாத இலக்கு ஆசையாகவே நின்றுவிடும் என்பது என் அனுபவம். நீங்களும் ஒரு தேதி குறித்து, அதற்குள் 100 மீட்டர் என்று வையுங்களேன்.

ஆற்றங்கரை:

தம்பி, தவறாக எடுக்கவில்லை. தேதி குறித்துப் பார்த்தவள்தான் நான். நான்காவது மாதம், "சித்திரைக்குள் 50 மீட்டர்" என்று நாட்காட்டியில் வட்டம் போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு காலையும் பரீட்சை ஆகிவிட்டது. பாதிக் குளம் வந்ததும், "இன்னும் பாதி இருக்கிறதே" என்று நினைப்பு ஓடும், தோள் இறுகும், மூச்சு கெடும், கால் தரையைத் தேடும். இரண்டு மாதம் வீணானது. கடைசியில் கோச் என்னை ஒரு வாரம் நீந்தவே விடவில்லை. மல்லாந்து மிதக்க மட்டும் சொன்னாள். அந்த வாரத்துக்குப் பிறகுதான் கை வீச்சு வந்தது.

ஓட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓடத் தெரியாதவர் யாரும் இல்லை. தூரத்தைக் கூட்ட வேண்டும், அதற்கு எண் உதவும். எனக்கோ அடிப்படை அசைவே இல்லை, பயம் வேறு. முதலில் உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தேதியில் ஒரே அளவு என்று வைத்துத்தான் சிலரைத் தொலைத்தேன். ஆனால் நீங்கள் சொல்வதை நான் முழுக்கத் தள்ளவில்லை. இப்போது மூச்சு வந்துவிட்டது. இனி நோட்டுப் போட்டால் பலன் இருக்கலாம்.

தினக்கணக்கு:

நியாயம்தான் டீச்சர். முதல் மாதம் நான் எண் எதுவும் எழுதவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. "இன்றும் ஷூ போட்டேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புதுகை மகள்:

இந்த இழையைப் படித்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது. நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நேரம். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள், என் அம்மாவும் ஒருத்தி. அப்போது அவருக்கு 34 வயது, கல் உடைக்கிற வேலை.

அம்மா கற்றது ஆம்பிளை சைக்கிளில். பெண்கள் சைக்கிள் கிடைப்பதே அரிது. பிறகு கிடைத்தபோதும் அம்மா மாற்றிக்கொள்ளவில்லை, நடுக்கம்பி இருந்தால்தான் என்னை அதில் உட்கார வைத்துக்கொள்ள முடியும் என்பார். பொட்டலில் சாயங்காலம் பழகுவார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு போவதைப் பார்த்து ஊரில் பேசாத பேச்சில்லை. அம்மாவின் முழங்காலில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் காட்டிச் சொல்வார்: "விழுந்தது வலிக்கல, எழுந்திரிச்சு திரும்பவும் ஏறினப்ப அவனுங்க சிரிச்சது நின்னுச்சு பாரு, அதான் நினைப்பிருக்கு."

அதற்கு முன் அம்மா ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக அப்பாவையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நிற்பார். சைக்கிள் வந்த பிறகு எங்கள் வீட்டில் யார் யாரைக் கேட்டு வெளியே போவது என்பதே மாறிப்போனது. டீச்சருக்கு ஒரு கேள்வி: நீங்கள் நீச்சல் கற்றதில் உங்கள் வீட்டில் ஏதாவது மாறியதா?

ஆற்றங்கரை:

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். அவர் சொன்னதை என் கோச்சுக்கும் படித்துக் காட்டினேன்.

வீட்டில் மாறியது ஒன்று உண்டு. காலை ஐந்தரைக்கு நான் கிளம்பிவிடுவதால் இட்லி ஊற்றுவது வீட்டுக்காரர் வேலை ஆயிற்று. முதல் வாரம் கல்லாக இருந்தது, இப்போது என்னுடையதைவிட நன்றாக வருகிறது. பள்ளியில் மாறியதுதான் பெரிது. யாராவது "புரியுது மிஸ், வரல" என்றால், எந்த வரி வரை வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் நிற்கும் இடம் நான் நினைத்த இடமாக இருப்பதில்லை. அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எங்கே படிக்கிறாள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

வடமராட்சிக் கரை:

வணக்கம் அக்கா. நான் வல்வெட்டித்துறை, இலங்கையில் யாழ்ப்பாணப் பக்கம். எங்களுடைய ஊரில் நீச்சல் என்றால் இரண்டு பெயர் சொல்லாமல் பேச்சு முடியாது. 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி ஒருவர். மற்றவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் அதே நீரிணையை ஒரே பயணத்தில் போய்த் திரும்பியவர், 51 மணித்தியாலம். தொழிலால் சட்டத்தரணி, அதாவது வழக்கறிஞர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் போனது.

சின்ன வயதில் அவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சாதனைகள் மட்டும்தான் காதில் விழும். இப்போது 49 வயதில், வெளிநாடொன்றில், குளிர்ந்த ஏரியில் நீந்தப் பழகும்போது வேறொன்று விளங்குகிறது. உடல் சூட்டைத் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். நான் முதல் நாள் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தேன், விரல்கள் விறைத்துச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்ற பெருமை அந்த இரண்டு நிமிடத்தில் கரைந்தது. அடுத்த நாள் மூன்று நிமிடம் போதும் என்று போனேன். இப்போது பதினைந்து. ஊரில் இருந்தபோது கடல் எனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். தண்ணீரிடம் மரியாதையாக நடக்க இங்கே வந்துதான் பழகினேன்.

கசம் தெரிந்தவன்:

டீச்சர், நானும் தாமிரபரணிக்காரன்தான், கீழே சேரன்மகாதேவி பக்கம். உங்கள் மனதில் ஆறு இருக்கிறது என்று முதல் பதிவிலேயே தெரிந்தது. அதனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட நாளில் என் சிநேகிதன் ஒருவனை ஆற்றில் கொடுத்தேன். அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்.

குளத்தில் அடி தெரியும், ஓரம் தெரியும், தண்ணீர் நிற்கும். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி கசமாக, ஆள் மூழ்கும் ஆழமாக இருக்கும். மணல் அள்ளிய குழிகள் வேறு, போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் இருக்கும். மேலே பாபநாசத்தில் அணை திறந்தால் கீழே வேகம் மாறும். பாறைக்கு அடியில் இழுப்பு உண்டு. உலகம் முழுக்க 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு அந்த எண்ணில் ஒரு முகம் தெரிகிறது. இறங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகவும், மழைக்காலத்திலும், பழக்கமில்லாத துறையிலும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டும் மிதவை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஆற்றங்கரை:

உங்கள் சிநேகிதரை நினைத்துக்கொண்டே படித்தேன். வாக்குத் தருகிறேன், தனியாக இறங்க மாட்டேன். மிதவை இன்றைக்கே சொல்லிவைத்துவிட்டேன்.

மூன்றாவது முயற்சி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்கா, பிளாஸ்டிக் டப்பில் உங்கள் முனகலைச் செய்து பார்த்தேன். ஆறாவது நாள் முழு முகமும் உள்ளே போனது. நேற்றுப் புதிய குளம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் வேலையாகப் பயிற்சியாளரிடம், "என்னை எப்போதும் தள்ளக் கூடாது, சொல்லாமல் கையை விடக் கூடாது" என்று கேட்டுக்கொண்டேன். 52 வயதில் ஒரு சின்னப் பையனிடம் இதைக் கேட்க எனக்குக் குரல் நடுங்கியது. அவர் சிரிக்கவில்லை, "சரி சார், நீங்க சொன்ன பிறகுதான்" என்றார். முதல் இரண்டு முறையும் எனக்கு வேண்டியது இதுதான். வாய் திறந்து கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற கோச்:

தம்பி, இது போதும். மீதி தானாக வரும், அவசரம் வேண்டாம்.

ஆற்றங்கரை:

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அப்பாவின் திதி.

மிதவையும் கண்ணாடியும் பையில் வைத்திருந்தேன். இந்த முறை ஆற்றில் இறங்கி, அப்பாவைக் கரைத்த இடம் வரை நீந்திப்போய் வர வேண்டும் என்று மாதக்கணக்காக மனதில் போட்டுப் பார்த்த காட்சி. விடியற்காலையில் பெரிய அண்ணனோடு படித்துறைக்குப் போனால் தண்ணீர் செங்கலங்கலாக ஓடுகிறது. இரண்டு நாளாக மலையில் மழை. வழக்கமாகத் தெரியும் கடைசி இரண்டு படிகள் தண்ணீருக்குள். "வா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றான் அண்ணன். வேண்டாம் என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது பயம். இப்போது தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை மட்டும் படியில் இறங்கித் தர்ப்பணத் தண்ணீர் விட்டோம். அப்புறம் வீட்டுக்கு வந்து, பின்கட்டுத் தொட்டியில் அண்ணனுக்குக் கண்ணாடியைக் கொடுத்து, முகத்தை உள்ளே வைத்து மூச்சு விடச் சொன்னேன். ஐம்பது வருஷம் ஆற்றில் கிடந்தவன், முடியவில்லை! தலையைத் தூக்கித் தூக்கி வைத்தே நீந்திப் பழகியவன் அவன். மூன்று முறை இருமிக்கொண்டு எழுந்தான். "எப்படிட்டீ விடுற?" என்று கேட்டான். தொட்டி விளிம்பில் குனிந்து முனகிக் காட்டினேன். நான்காவது முறை அவனிடமிருந்து குமிழி வந்தது.

தை மாதம் தண்ணீர் தெளிந்ததும் இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம்.

மூன்றாவது முயற்சி:

அக்கா, அண்ணனுக்குக் கொடுத்த கண்ணாடி எந்த மாதிரி? என்னுடையதில் இடது பக்கம் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிறது. வாரை இறுக்கினால் தலை வலிக்கிறது.

ஆற்றங்கரை:

வாரை இறுக்காதீர்கள் அண்ணா. கடையில் வாங்கும்போது வாரைப் போடாமலே கண்ணில் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. ஓரத்தில் ரப்பர் மெத்தென்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.